வாப்பாவின் சாரனும் என் களிசானும்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மா சீட்டுக்காசில் இரண்டு மீற்றர் நாவல் நிறக் கொட்டன் துணி வாங்கித் தந்தார். கடைகளில் எடுக்கும் களிசான்கள் எனக்கு நிற்கும்போது சரியாக இருக்கும், ருகூஉவில் குனிந்தால் பின்புறம் கீழிறங்கும். ஆகவே நானே தைப்பேன் என்று அடம்பிடித்தேன். அந்தத் துணிக்கு என்ன நடந்தது என்பதைத் தைக்க விரும்பும் தோழியருக்காக எழுதுகிறேன்.

களிசான் என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். பொத்தானும் அப்படியே. அவர்கள் திருகோணமலையில் கட்டிய கோட்டையை 1639 இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். சொற்களை யாரும் பிடிக்கவில்லை. அளவு வாரியாக அமைந்த மாதிரித் தாளை 1863 இல் விற்கத் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர். இன்று அந்தத் தாள் கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஏ4 தாள்களில் அச்சிட்டு, விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டினால் முழு மாதிரி கிடைக்கும். என்னுடையது பதினாறு தாள். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

முதல் தாளின் மூலையில் ஒரு சிறு சதுரம் இருக்கும். அதன் பக்கம் 5 சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கும். நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன். அச்சிடும்போது படம் தாளின் ஓரங்களுக்குள் அடங்குவதற்காகச் சுருங்கிவிடுவதுண்டு. சுருங்கியதா என்று பார்க்கத்தான் அந்தச் சதுரம். அளக்காமலே துணியை வெட்டித் தைத்தேன். பெருநாளுக்கு முதல் நாள் அஸர் தொழுகையில் ஸுஜூதுக்குப் போனபோது பின் தையல் 'டர்' என்றது. அதன் பிறகு சதுரத்தை அளந்தேன்: 4.7. நூற்றுக்கு ஆறு குறைவு. 40 அங்குலம் வரவேண்டிய சுற்று 37.6 ஆகியிருந்தது. என் உடலின் சுற்றே 36.

உம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உம்மம்மாதான் பேசினார். "நல்ல துணிய முதல்ல வெட்டுவாங்களா புள்ள? பழசுல ஒண்டு தச்சுப் பாரு" என்று அலுமாரிக்குள்ளிருந்து வாப்பாவின் பழைய கட்டம் போட்ட சாரனை எடுத்துத் தந்தார். ஒத்திகைக்குச் சாரனைப் போல வேறு துணி இல்லை. மாதிரித் தாளில் உள்ள நீண்ட அம்புக்குறி துணியின் கரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சரிந்தால் கால் முறுக்கிக்கொள்ளும். சாரனின் கட்டங்கள் அந்தச் சரிவை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பலமுறை துவைத்த துணியாதலால் இனிச் சுருங்கவும் மாட்டாது. புதுத் துணியென்றால் வெட்டுமுன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள்.

களிசானில் கடினமான இடம் இரண்டு கால்களும் சேரும் இருக்கை வளைவு. முன்துண்டையும் பின்துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பின்துண்டின் வளைவு நீளமாகவும், அதன் மேல் விளிம்பு நடுவில் உயர்ந்தும் இருக்கும். நாம் குனியும்போதும் குந்தும்போதும் பின்புறத்துக்குத்தான் அதிகத் துணி தேவை. எனவே இந்த அளவை நின்றுகொண்டு எடுப்பதில்லை. கடினமான கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடையிலிருந்து கதிரைப் பலகை வரை பக்கவாட்டில் அளக்க வேண்டும். எனக்கு 10 அங்குலம். அதனுடன் தளர்வுக்கு 1 அங்குலம்.

இம்முறை சதுரம் சரியாக 5 வந்தது. ஆனாலும் மாதிரித் தாள் யாரோ ஒருவரின் உடலுக்கு வரைந்தது, எனக்கல்ல. பின்துண்டை வளைவுக்கு மேலே குறுக்காக வெட்டி, நடுத்தையல் பக்கம் 1 அங்குலம் விரித்து, பக்கத் தையலில் ஒன்றுமில்லாமல் முடியும்படி ஆப்பு வடிவில் தாள் ஒட்டினேன். ருகூஉவில் இறங்காமல் இருப்பது இந்த ஆப்பினால்தான்.

தைப்பது சுருக்கமான வேலை. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இடமும் வலமுமாகத் துண்டுகள் கிடைக்கும். தனித்தனியே வெட்டினால் தாளைப் புரட்டி வைக்க மறந்து இரண்டு இடக்கால் வெட்டிவிடுவோம். ஒவ்வொரு காலிலும் பக்கத் தையலையும் உட்தையலையும் முடித்து, ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, மற்றக் காலுக்குள் நுழைத்து, வளைவை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதே கோட்டில் இரண்டாம் தையலும் போடுங்கள். பிறகு இடையை மடித்துத் தைத்து, விட்டுவைத்த சிறு வாயால் இலாஸ்டிக்கைக் கோருங்கள். இலாஸ்டிக் இடைச் சுற்றிலும் 2 அங்குலம் குறைவாக இருந்தால் போதும். கால் விளிம்பைக் கடைசியாக மடியுங்கள்.

நாவல் துணியை உம்மா பிரித்துத் தங்கைக்குத் தைத்துக் கொடுத்தார். ஒத்திகைக் களிசான்தான் எனக்குப் பெருநாள் உடுப்பாயிற்று. நீலமும் வெள்ளையுமான கட்டங்கள், கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் விளிம்பு, வடிவாகத்தான் இருந்தது. பெருநாள் தொழுகை முடிந்து வந்த வாப்பா வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொட்பேக்கு உடுத்திட்டுப் போற சாரனை மூணு நாளாத் தேடுறன்" என்றார்.

உம்மம்மா பழைய சாரன் என்றாரே தவிர, வாப்பாவிடம் கேட்டதாகச் சொல்லவில்லை.