கப்ஸ் கோவிலின் முன் நிற்கும் பெண்



புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கடற்கரையை ஒட்டிய துய்மா வீதியில், 1855-இல் கட்டப்பட்ட சம்மனசுகளின் அன்னை ஆலயம் இருக்கிறது. கப்புச்சின் துறவிகளின் பெயரால் மக்கள் அதைக் கப்ஸ் கோவில் என்பார்கள். ஆலயத்தின் முன்னுள்ள தோட்டத்தில் ஒரு பெண்ணின் பளிங்குச் சிலை. பலர் மாதா சுரூபம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் புனித ஜோன் ஆஃப் ஆர்க். நம் தருமபுரி மறைமாவட்டம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தோடு இணைந்தது. ஆகவே அந்தச் சிலையும் நமக்கு அயலானதல்ல.

பிரான்சு நாட்டில் தோம்ரெமி என்ற சிற்றூரில், ஏறக்குறைய 1412-இல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர் ஜோன். எழுதப் படிக்கத் தெரியாது. நூல் நூற்கவும் தைக்கவும் தாயிடம் கற்றார். அவர் பிறந்த வீடு பங்குக் கோவிலுக்குப் பக்கத்திலேயே இன்றும் நிற்கிறது. மாலை மணி அடிக்க மறந்த கோவில் பணியாளரைச் சிறுமி ஜோன் கடிந்துகொண்டாராம். ஒழுங்காக அடித்தால் கம்பளி தருவதாகவும் சொன்னாராம். பின்னாளில் அந்தப் பணியாளரே இதைச் சாட்சியாகச் சொன்னார்.

திருமணம் செய்துகொள்வதாக அவர் வாக்குக் கொடுத்தார் என்று ஓர் இளைஞன் தூல் நகரின் ஆயர் மன்றத்தில் வழக்குப் போட்டான். பெண்ணைக் கேட்காமலே பேச்சை முடிப்பது நம் ஊர்ப் பக்கமும் தெரியாத கதையா என்ன? பதினாறு வயதளவில் இருந்த ஜோன் தானே மன்றத்துக்குப் போய், அப்படி வாக்குத் தரவில்லை என்று சொல்லி வென்றார்.

1429 மே 8-இல் ஓர்லேயான் நகரின் முற்றுகை விலகியது, அதே ஆண்டு ஜூலை 17-இல் ரேம்ஸ் பேராலயத்தில் அரசருக்கு முடிசூட்டியது எல்லாம் பள்ளிப் பாடங்களில் வரும். நாம் நின்று பார்க்க வேண்டிய ஊர் ருவான்.

பகைவரிடம் பிடிபட்ட ஜோனை அங்கே விசாரித்தது திருச்சபையின் மன்றம். தலைமை வகித்தவர் ஓர் ஆயர். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அன்றைய கோட்டையில் எஞ்சியிருப்பது ஒரே கோபுரம். அங்கேதான் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அவரை மிரட்டினார்கள். 1431 மே 30-இல், பத்தொன்பது வயதளவில், சந்தைத் திடலில் உயிரோடு எரிக்கப்பட்டார். கண்முன் பிடித்துக்கொள்ள ஒரு சிலுவை கேட்டார். துறவி ஒருவர் அருகிலிருந்த மீட்பர் ஆலயத்திலிருந்து பவனிச் சிலுவையை எடுத்துவந்து உயர்த்திப் பிடித்தார்.

அவர் தாய் இசபெல் விடவில்லை. திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துவின் அனுமதியோடு, 1455 நவம்பரில் பாரிசு நோத்ர் தாம் பேராலயத்தில் முதிர்ந்த வயதில் வந்து நின்று, மகளுக்கு நீதி கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். தோம்ரெமியின் உழவர்களும் அவர்களில் அடக்கம். பழைய தீர்ப்பு செல்லாது என்று 1456 ஜூலை 7-இல் அதே ருவானில் அறிவித்தார்கள். புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது 1920-இல். அதற்குள் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ருவானில் இருந்த புனித வின்சென்ட் ஆலயம் 1944-இல் குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் அதன் பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளை ஊரார் முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1979-இல் அந்தச் சந்தைத் திடலில் புனித ஜோன் பெயரால் எழுந்த புதிய ஆலயத்தின் சுவரில் அவை பதிக்கப்பட்டன. கவிழ்த்த படகு போன்ற கூரை. உள்ளே நானூறு ஆண்டு மூத்த கண்ணாடி வழியே வரும் வெளிச்சம். பழைமையைக் காப்பது என்றால் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. வெளியே, அவர் எரிக்கப்பட்ட இடத்தில் உயரமான சிலுவை. பக்கத்தில், அன்று சிலுவை தந்த மீட்பர் ஆலயத்தின் அடித்தளக் கற்களை மண் அகற்றி, எல்லாரும் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள்.