முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்

கோவையில் சித்திரை வெயில் ஏறினால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள பலருக்குக் கால் தளரும், பார்வை மங்கும். ஏன்? நோய் எதிர்ப்பாற்றலே நரம்பின் மயலின் உறையை அரித்துவிடுகிறது. உறை போன நரம்பில், உடல் சூடு சிறிது கூடினாலே செய்தி தடுமாறும். 1890இல் இதைப் பதிவு செய்தவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப்.

உடலின் சில புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷர் அந்த உறையை மீட்காது.

ஆனால் இந்நோயில் வரும் சோர்வு? முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல், முன்னெலும்புக்கு வெளியே ஒரு விரல் தள்ளி, கட்டைவிரலால் அழுத்துவார்கள். 2015இல் வெளியான ஈரானிய ஆய்வில், இந்தப் புள்ளியையும் வேறு இரண்டையும் அழுத்திய பெண்களுக்குச் சோர்வு குறைந்தது. சிறிய ஆய்வுதான்.

மரத்த காலில் வலி தெரியாது, கன்றும்வரை அழுத்தாதீர்கள். நரம்பு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.