உறைவிடக் கலைஞரும் ஊரார் கைகளும்: அடையாற்றில் ஓர் இத்தாலிய ஓவியர்

ஓவியர் ஒருவர் தம் நாட்டை நீங்கிப் பிறநாட்டில் சில காலம் தங்கி, ஆங்கு ஆக்கிய படைப்புக்களைக் கண்காட்சியாக வைக்கும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பெருகியுள்ளது. தம் இளங்கலைஞரை இவ்வாறு அனுப்பி வைக்கும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. கண்காட்சியைக் காணச் செல்வோர் படத்தின் அருகில் உள்ள பெயர்ச்சீட்டைப் படித்து, படைத்தவர் இன்னார் என அறிந்த அளவில் அமைதி கொள்வர். அப்பெயர்ச்சீட்டு எவ்வளவு உண்மையைக் கூறுகின்றது, எவ்வளவைக் கூறாது விடுகின்றது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இதற்குத் தொலைநாட்டுச் சான்று தேடவேண்டுவதில்லை. சென்னையில், அடையாற்றுக் கழிமுகத்தை அடுத்த ஊரூர் ஒல்காட் குப்பத்தின் அண்மையிலேயே தக்கதொரு சான்று உண்டு.

குப்பத்தின் பெயரில் முற்பகுதி பழைய ஊரூரைச் சுட்டும். பிற்பகுதி, பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய கர்னல் ஒல்காட்டைச் சுட்டும். அச்சபை 1882-இல் தன் தலைமையிடத்தை அடையாற்றில் அமைத்துக்கொண்டது. 1886-இல் அங்கு நூலகம் ஒன்று தோன்றிற்று. ஒருபுறம் கட்டுமரமும் வலையும், மறுபுறம் பன்மொழிச் சுவடிகளும் என இரண்டு உலகங்கள் ஒரு மதிலின் இருமருங்கும் நிலைபெற்றன.

நேப்பிள்சு நகரில் 1952-இல் பிறந்த பிரான்செஸ்கோ கிளெமெந்தே என்னும் ஓவியர் 1973-இல் முதன்முறையாக இந்தியா வந்தார். பின்னர்ச் சென்னையில் நெடுநாள் தங்கி, அச்சபையின் நூலகத்தில் பயின்றார். 1980-இல் வெனிசு நகரக் கலைவிழாவில் இவர்தம் படைப்புக்கள் வைக்கப்பெற்றபோது இவருக்கு அகவை இருபத்தெட்டு. கியா, குக்கி, பலதீனோ, தெ மரியா என்பாருடன் இவரையும் ஒரு குழுவாகக் கண்ட திறனாய்வாளர் அக்கில்லே போனீதோ ஒலிவா, அக்குழுவினர்க்குத் 'திரான்சவாங்கார்தியா' எனப் பெயர் சூட்டினார். உருவங்களைக் கைவிட்டுக் கருத்தையே பற்றி நின்ற முந்திய தலைமுறைக்கு மாறாக, மீண்டும் தூரிகையையும் மனித உடலையும் நாடியவர் இவர்கள்.

அதே 1980-இல் கிளெமெந்தே வரைந்த 'பசி' என்னும் ஓவியம் நம் ஆராய்ச்சிக்கு மிக ஏற்றது. அது புதுச்சேரியில் கையால் செய்த தாள்கள் பன்னிரண்டைப் பருத்தித் துணிப்பட்டைகளால் இணைத்து, அதன்மேல் தீட்டப்பெற்றது. கைத்தாளின் அளவு, கூழை அள்ளும் சல்லடைச் சட்டத்தின் அளவைக் கடவாது. எனவே ஆளுயரத்தின் மிக்க ஓவியம் வேண்டுவோர் தாளோடு தாளைப் பிணைத்தே ஆகவேண்டும். பிணைப்பின் கோடுகள் ஓவியத்தின் ஊடே தெரிகின்றன. ஓவியர் அவற்றை மறைக்க முயன்றாரல்லர். தாள் செய்தவர் கை வகுத்த எல்லைக்குள்ளேதான் ஓவியர் கை இயங்கிற்று என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டா. 1980, 81-ஆம் ஆண்டுகளில் சிற்றோவியப் பட்டறைகளில் பயின்ற இளைஞரோடு கூடி இவர் ஆக்கிய 24 ஓவியங்களின் தொகுதிக்கு, 'பிரான்செஸ்கோ கிளெமெந்தே தீட்டினார்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரையே பெயராக இட்டார். பலர் கைபட்ட ஒன்றுக்கு ஒருவர் பெயர்! இதனை ஓவியரின் குறும்பு என்று கொள்ளவும் இடமுண்டு. யாம் அவ்வாறே கருதுகின்றோம்.

இனி, ஓவியத்தினின்றும் நூலுக்கு வருவோம். 1986-இல் கிளெமெந்தேயும் அமெரிக்கரான இரேமண்ட் பாய் என்பாரும் 'அனுமன் நூல்கள்' என்னும் வரிசையைத் தொடங்கினர். பதிப்பகம் நியூயார்க்கில்; அச்சிடும் பணியோ சென்னையில். நம் கடைத்தெருக்களில் விற்கும் கையடக்கத் தோத்திரப் புத்தகங்களைப் பின்பற்றி, ஏறத்தாழ 3 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உடையனவாக அவை அமைந்தன. கின்சுபெர்க், கெரோவாக் முதலிய அமெரிக்க எழுத்தாளரின் ஆக்கங்கள், கலாக்ஷேத்திர அச்சகத்தில் நாச்சியப்பனார் மேற்பார்வையில் ஈயவெழுத்துக் கோத்து அச்சேறின. 1939-இல் அடையாறு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் நூல்களை 1940-களில் வெளியிட்டதும் கலாக்ஷேத்திரப் பதிப்பகமே. அச்சான பக்கங்களைக் கையால் தைத்துக் கட்டியவர் அப்பகுதி மீனவர். வலையின் கிழிசலை முடிந்து பழகிய விரல்களுக்குச் சிறுநூலின் தையல் அயலான தொழிலன்று. 1993 வரை ஏறத்தாழ ஐம்பது நூல்கள் இவ்வாறு வெளிவந்தன.

இவற்றைப் பற்றி எழுதுவோர் ஆசிரியர், பதிப்பாசிரியர், அச்சிட்டவர் என எல்லாரையும் பெயர் சொல்லி, தைத்தவரை மட்டும் 'மீனவர்' என்னும் பொதுச்சொல்லால் சுட்டி அப்பால் செல்வர். கூலிக்குச் செய்த பணிக்குப் பெயர் எதற்கு என வினவுவோர் உளர். அவர்க்கு விடையாக நம் சுவடி மரபையே காட்டலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் 1943-இல் தோன்றியதும் இதே அடையாற்றுச் சபை வளாகத்தில்தான்; 1967-இல் அது பெசன்ட் நகர்க்குப் பெயர்ந்தது. ஏடுகளை ஆராய்ந்தோர் நன்கறிவர்: பல ஏடுகளின் இறுதியில் நூலாசிரியர் பெயரேயன்றி, படியெடுத்து எழுதியவரின் பெயரும் ஊரும், எழுதி முடித்த ஆண்டும் நாளும் காணப்படும். அவரும் கூலி பெற்று எழுதியவராக இருக்கலாம். எனினும் தம் பெயரை இட்டுச் சென்றார். அக்குறிப்பின் துணையால் அன்றோ பாடத்தின் காலத்தையும் இடத்தையும் நாம் இன்று துணிகின்றோம்? நயத்தக்க செயல் என்பது ஒருபுறம் இருக்க, அது ஆராய்ச்சிக்கு இன்றியமையாத கருவியும் ஆகும்.

1990-இல் பிலதெல்பியாக் கலைக்கூடம் 'மூவுலகம்' என்னும் தலைப்பில் கிளெமெந்தேயின் படைப்புக்களைத் தொகுத்துக் காட்டிற்று. அம்மூன்றாவன இந்தியா, இத்தாலி, அமெரிக்கா என்பன. நாட்டின் பெயர் தலைப்பளவு உயர்ந்தும், நாட்டவர் பெயர் சீட்டளவுகூட இறங்கவில்லை.

2015-இல் இசைவாணர் டி. எம். கிருஷ்ணா, சூழலியலாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோரும் குப்பத்து மக்களும் கூடி ஊரூர் ஒல்காட் குப்பத்திலேயே ஒரு கலைவிழா எடுத்தனர். கருநாடக இசையும் பரதமும் பறையும் ஒரே கடற்கரையில் முழங்கின. அங்கு வந்த கலைஞர் விருந்தினர், ஊரார் விருந்தயர்ந்தோர். அனுமன் நூல்களைப் பற்றிய ஆவணங்கள் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தைத்த கைகளைப் பற்றிய ஆவணத்தை அடையாற்றின் தென்கரைக் குப்பங்களில்தான் வாய்மொழியாகத் திரட்டவேண்டும். 1986-இல் இருபது அகவையினராய் இருந்தவர்க்கு இன்று அறுபது ஆண்டு நிரம்பி விட்டமையின், அப்பணி முதுகலை மாணவர் எவரேனும் விரைந்து மேற்கொள்ளத்தக்கது.