தலை எது, வால் எது? ஸ்னோபோர்டு வடிவத்தில் இருக்கும் சூட்சுமம்!

2022 பிப்ரவரி 11. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான ஹாஃப்பைப் ஸ்னோபோர்டு இறுதிப்போட்டி. ஜப்பானின் அயுமு ஹிரானோவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. 2014-லிலும் 2018-லிலும் வெள்ளியோடு திரும்பியவர் அவர். இந்த முறை 96 புள்ளிகள் எடுத்து தங்கத்தைத் தட்டித் தூக்கினார்!

அன்று அவர் செய்த முதல் சாகசம், 1440 டிகிரி சுழற்சி. அதாவது, அந்தரத்தில் நான்கு முழுச் சுற்று. ஹாஃப்பைப் என்பது பனியால் ஆன 'U' வடிவப் பள்ளம். சுவரில் ஏறும்போது பலகையின் முன்முனை மேல்நோக்கி இருக்கும். நான்கு சுற்று முடிந்ததும் அது மறுபடி மேல்நோக்கியே நிற்கும். ஆனால், இறங்குவது கீழ்நோக்கி. எனவே, பின்முனைதான் முன்னே வரும்! இப்படி வழக்கத்துக்கு மாறான காலை முன்வைத்துச் சறுக்குவதற்குப் பெயர் 'ஸ்விட்ச்'. ஹிரானோ அதே நிலையில் எதிர்ச்சுவரில் ஏறி, இன்னொரு 1440 சுழன்றார்.

இதற்குத் திறமை மட்டும் போதாது, பலகையும் ஒத்துழைக்க வேண்டும்.

டைரக்‌ஷனல்: ஒருவழிப் பாதை

முன்முனை நீளமாக, பெரும்பாலும் அகலமாகவும் இருக்கும். பின்முனை குட்டையாக, விறைப்பாக இருக்கும். கால் பொருத்தும் இடம் சற்றுப் பின்னால் தள்ளியிருக்கும். புதுப்பனியில் முன்முனை புதையாமல் மிதக்கும். வேகத்தில் நிலையாக ஓடும். ஆனால், ஸ்விட்ச்சில் அந்தக் குட்டை முனை முன்னே வந்தால் ஆழமான பனியில் சட்டெனப் புதையும். ஓட்டவே முடியாது என்றில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கூடுதலாகப் போராட வேண்டும்.

ட்வின்: இருபக்கமும் ஒன்றுதான்

இரு முனைகளும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே வளைவுத்தன்மை. கால்கள் சரியாக நடுவில் நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் பலகை ஒரே மாதிரி நடந்துகொள்ளும். சாகசப் பிரியர்களின் தேர்வு இது. ஆனால், ஆழமான பனியில் டைரக்‌ஷனல் அளவுக்கு மிதக்காது.

இரண்டுக்கும் நடுவே 'டைரக்‌ஷனல் ட்வின்' என்றொரு வகையும் உண்டு. பார்க்க ட்வின் போலிருக்கும். பின்பக்கம் விறைப்பு கூடுதலாகவோ, கால் வைக்கும் இடம் பின்தள்ளியோ இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பலகையில் கால்பிடியைத் திருகும் துளைகள் இருக்கும். முன்முனையிலிருந்து முதல் துளை வரையும், பின்முனையிலிருந்து கடைசித் துளை வரையும் அளந்து பாருங்கள். முன்பக்க அளவு அதிகம் என்றால், கால் வைக்கும் இடம் பின்தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். இரு முனைகளின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். விறைப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

'ஸ்விட்ச் எல்லாம் ஒலிம்பிக் வீரர்களுக்குத்தானே' என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கற்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரப்படும் பயிற்சி, மரத்திலிருந்து உதிரும் இலை போல இடமும் வலமும் மாறி மாறிச் சறுக்கி இறங்குவது. அதில் பாதித் தூரம் ஸ்விட்ச்தான்! குல்மார்க்கில் முதன்முறையாகப் பலகையை வாடகைக்கு எடுப்பவர், 'ட்வின் இருக்கிறதா?' என்று கேட்டால் விழும் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம்.