காட் மட்டும் போதாது
(கியூபெக்கில் குடியேறுவோருக்கு – தொடர்)

சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டையை, கியூபெக்கின் அரசு மருத்துவக் காப்புறுதி அமைப்பான ராம்க்கிடம் பெறும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கைக்கு வந்ததும் மொன்றியலில் எந்தக் கிளினிக்கிலும் காசில்லாமல் வைத்தியம் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அப்படியில்லை.

பெரும்பாலான டொக்டர்களுக்கு ராம்க் நேரடியாகப் பணம் கொடுக்கிறது. அவர்களிடம் அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் ராம்க்கிலிருந்து முற்றாக விலகிய குடும்ப வைத்தியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதுதான் கட்டணம். நீங்கள் கொடுத்ததில் ஒரு சதத்தைக்கூட அரசு திருப்பித் தராது. அங்கே சூரியனுக்கு மதிப்பில்லை.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நெடுங்காலமாக வசிக்கும் ஓர் அக்கா, புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார்: “தங்கச்சி, அப்பொயின்மென்ற் இருக்கோ எண்டு பிறகு கேளும். டொக்டர் ராம்க்கில இருக்கிறாரோ எண்டு முதல்ல கேளும். நாளைக்கே வாங்கோ எண்டு சொல்லிச்சினம் எண்டால் இன்னொருக்கா கேளும்.” இதைவிடத் தெளிவாக எந்த அரசுக் கையேடும் சொன்னதில்லை. விலகிய டொக்டர்களின் பட்டியலை ராம்க் தன் இணையதளத்திலும் வைத்திருக்கிறது.

பக்கத்து மாகாணமான ஒன்ராறியோ, டொக்டர்கள் இப்படிப் புதிதாக விலகுவதை 2004இலேயே சட்டத்தால் நிறுத்திவிட்டது. கியூபெக் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. புதிய டொக்டர்கள் முதல் ஐந்து வருடம் பொதுத்துறையில் வேலை செய்யவேண்டும் என்ற சட்டம் 2025இல்தான் வந்தது. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையோடு நிற்கும் தாய், வரிசைக்குப் பயந்து கடன் வாங்கிப் பணம் கட்டுவது அநியாயம். இவ்வளவு காலம் அதை அனுமதித்தது அரசின் பிழை என்றே சொல்வேன்.

ராம்க்கில் இருக்கும் டொக்டரிடம் போனாலும் சுவரைப் பாருங்கள். நோயாளிகளிடம் வாங்கும் கட்டணங்களைக் காத்திருப்பு அறையில் ஒட்டவேண்டும் என்பது சட்டம். வேலையிடத்துக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ படிவம் நிரப்பக் காசு கேட்கலாம். முன்பு கண்ணில் விடும் துளிமருந்துக்குக்கூட நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். 2017 ஜனவரியோடு அந்த வழக்கம் தடைசெய்யப்பட்டது. இனி யாராவது அப்படிக் கேட்டால் ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு ராம்க்கிடம் முறையிடுங்கள்.

அப்படியானால் எங்கே போவது? முதலில், குடும்ப டொக்டருக்காகக் காத்திருப்போர் பட்டியலான காம்ஃபில் பதியுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும், பிறந்த குழந்தையையும், தனித்தனியாகப் பதியவேண்டும். உடல்நிலையைப் பார்த்து முன்னுரிமை தருவார்கள் என்பதால் சலரோகம், இருதய நோய், கர்ப்பம் எதையும் மறைக்கவேண்டாம். அழைப்பு வர வருடக்கணக்கில் ஆகலாம். ஆனால் பதிந்த அன்றிலிருந்தே ஒரு பயன் உண்டு: 811ஐ அழைத்து 3ஐ அழுத்தினால் காப் என்ற சேவை கிடைக்கும். அவர்கள் நோயைக் கேட்டு, டொக்டரிடமோ தாதியிடமோ மருந்தாளரிடமோ அனுப்புவார்கள். இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை.

பிரஷர் மருந்துக்கான சீட்டு முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் டொக்டரைத் தேடி அலையவேண்டாம். வழக்கமாக மருந்து எடுக்கும் பார்மசியில் கேளுங்கள். சீட்டை நீட்டித்துத் தர இங்கே மருந்தாளருக்கு அதிகாரம் உண்டு.