நிலக்கரி செல்லும் வழி

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறும் பாதை, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புரைக்கும் அப்பால் லக்கலைக்கும் இறங்குகின்றது. ஏலமும் மிளகும் தேயிலையும் விளையும் அம்மலைகளில் நிலக்கரி ஒரு கூடைதானும் கிடையாது, கிடைக்கவும் மாட்டாது. பண்டைக் காடுகள் சேற்றிற் புதையுண்டு இறுகியதே நிலக்கரி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் பாறைகளோ, நிலத்தில் மரஞ்செடிகள் தோன்றுமுன்னரே உருவாகி, வெந்து, உருமாறியவை. எம் நாட்டுப் பாறைகளிற் கரிப்பொருள் காரீயமாகவே அகப்படுகின்றது. அது பென்சிலுக்கு உதவும், அடுப்புக்கு உதவாது.

ஆயினும், ரிவர்ஸ்டன் சரிவிலுள்ள வீடுகளில் எரியும் மின்விளக்கிலும் நிலக்கரிக்குப் பங்குண்டு. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 300 மெகாவாற்று ஆற்றலுடைய பொறித்தொகுதிகள் மூன்று உள்ளன. முதலாவது 2011 இலும், ஏனைய இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. ஆண்டுதோறும் 20 இலட்சந் தொன்னுக்கு மேற்பட்ட கரியை அவை உண்கின்றன. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இரசியா ஆகிய நாடுகளிலிருந்து அது வந்துள்ளது. பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமையாற் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பாரப்படகுகளிற் கரி இறக்கப்படுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கடல் இதற்கு இடங்கொடாது. ஆகவே, கொந்தளிப்புக்கு முன்னரே அம்மாதங்களுக்கு வேண்டியதைக் கொணர்ந்து குவித்தல் வேண்டும். ஏற்றுமதி நாட்டில் ஒரு புகையிரதப்பாதை தடைப்படின் அதன் விளைவு ஈண்டும் உணரப்படும்.

புவியியல் வகுப்பில், எந்நாட்டில் எத்துணை நிலக்கரி எடுக்கப்படுகின்றது என்று மனனஞ் செய்தோம். அது எவ்வழியே கடலையடைகின்றது என்று எவரும் எம்மை வினவியதில்லை. உண்மையில் வினவத்தக்கது அதுவே. நிறை மிகுந்து விலை குறைந்த பொருளுக்கு, வெட்டுங் கூலியினும் சுமக்குங் கூலியே பல வேளைகளில் வாழ்வும் தாழ்வும் தருவது.

தென்னாபிரிக்காவைக் காண்போம். அந்நாட்டுச் சுரங்கங்கள் பெரும்பாலும் உள்நாட்டு மேட்டுநிலத்தில், கடலினின்றும் பல நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. 1976 இல் றிச்சாட்ஸ் பே என்னுமிடத்திற் கரித்துறை திறக்கப்பட்டது; அதனைச் சுரங்கங்களோடு இணைக்கும் பாதையில் 200 பெட்டிகள் கோத்த வண்டிகள் ஓடலாயின. துறையின் கொள்திறன் இன்று ஆண்டுக்கு 9 கோடியே 10 இலட்சந் தொன். 2023 இல் அதனூடாகச் சென்றதோ ஏறக்குறைய 4 கோடியே 70 இலட்சந் தொன் மட்டுமே. நிலத்திற் கரி வற்றிவிடவில்லை. துறையின் இயந்திரங்களும் பழுதடையவில்லை. இயந்திர வண்டிகளுக்கு உதிரிப்பாகங்கள் இல்லை, செப்புக் கம்பிகளைக் கள்வர் அறுத்தனர், பாதை நொந்தது. இரசியக் கரியை ஐரோப்பா விலக்கிய 2022 ஆம் ஆண்டில் விலை விண்ணை முட்டியது. அவ்வேளையில் அந்நாட்டுச் சுரங்கக்காரர், கரியை லொறிகளில் ஏற்றி நெடுஞ்சாலை வழியே துறைமுகங்களுக்கு அனுப்பலாயினர்.

இந்தோனேசியாவின் நிலை வேறு. களிமந்தானிற் சுரங்கங்கள் மகாகம், பரித்தோ முதலிய ஆறுகளை அண்டியுள்ளன. இழுவைப் படகுகள் பாரப்படகுகளை ஆற்றுவழியே கடலுக்கு இழுத்துச் செல்ல, அங்கு நிற்குங் கப்பல்களில் மிதக்கும் பாரந்தூக்கிகள் கரியை ஏற்றுகின்றன. இயற்கை அளித்த பாதையாதலின் முதலீடு குறைவு. 2023 இல் அந்நாடு 50 கோடித் தொன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. மழை பொய்த்து ஆறு வற்றினால் அவ்வழியும் தடைப்படும் என்பது வேறு. 2022 சனவரியில், தன் மின்னிலையங்களுக்கே கரி போதாமையால், அவ்வரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. வாங்கும் நாடுகள் திகைத்தன.

இவையெல்லாம் மாத்தளையாருக்குப் புதிய கதையல்ல. ஒரு காலத்தில் நாமும் ஒரே விளைபொருளை நம்பிய ஏற்றுமதி நாட்டினரே. அப்பொருள் கோப்பி. மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு மாட்டுவண்டிகளில் அதனைக் கொண்டுசெல்லப் பல நாள் பிடித்தமையாற் புகையிரதம் வேண்டுமெனத் துரைமார் ஓயாது வேண்டினர். தண்டவாளம் 1865 இல் அம்பேபுசைக்கும், 1867 இற் கண்டிக்கும், 1880 இல் மாத்தளைக்கும் எட்டியது. அதற்கு முன்னும் பின்னும் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளரை ஈண்டு மறத்தல் தகாது. நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். போக்குவரத்துச் செலவென்று எழுதப்பட்ட எக்கணக்கிலும் அவர்தம் உயிர் சேர்க்கப்படவில்லை.

மாத்தளைக்கு வண்டி வந்தபோது கோப்பி ஏற்கெனவே நோயுற்றிருந்தது. 1869 இல் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைநோய், பாதை திறந்த சில ஆண்டுகளிலேயே அப்பயிரைத் துடைத்தழித்தது. கோப்பிக்கென இட்ட தண்டவாளம் தேயிலை வந்தமையாற் பிழைத்தது. அத்தேயிலையை இழுத்த இயந்திரங்கள், வங்காளத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்த கரியை எரித்தே ஓடின. ரிவர்ஸ்டன் அடிவாரத் தோட்டங்களின் வாணிகம் அன்றும் அயல்நாட்டுக் கரியைச் சார்ந்திருந்தமை இதனாற் புலப்படும்.

இன்று நிலக்கரியை வெறுக்கும் உலகிற் கரிக்கென்றே இட்ட பாதைகளுக்கும் இதே கேள்வி எழுகின்றது: அவற்றுக்கு வாய்க்கும் தேயிலை எது? அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திற் கார்மைக்கேல் சுரங்கத்துக்காக 200 கிலோமீற்றர் வரையான புதுப்பாதையை அதானி குழுமம் 2021 இல் அமைத்து முடித்தது. அங்கு இதற்கு விடை எளிதிற் தோன்றவில்லை. தெற்கேயுள்ள நியூகாசிலோ விடை தேடத் தொடங்கிவிட்டது. 1799 இலேயே வங்காளத்துக்குக் கரி அனுப்பிய அத்துறைமுகம், இன்றும் உலகின் மிகப் பெரிய நிலக்கரித் துறைமுகங்களுள் ஒன்று. ஆயினும் கொள்கலன் துறையொன்றை அமைக்க அது நெடுநாளாக முயன்று வருகின்றது. குறித்த அளவுக்கு மேற் கொள்கலன்களை ஏற்றியிறக்கினால் அபராதம் போன்ற கட்டணஞ் செலுத்துமாறு முன்னர் விதிக்கப்பட்டிருந்தது. அத்தடையிலிருந்து விடுபட வழிசெய்யும் சட்டத்தை 2022 இல் நியூ சவுத் வேல்ஸ் பாராளுமன்றம் இயற்றியது.