ஊதுகுழலில் ஒரு நாவல்

நம் ஊரில் பேண்டு செட் என்றால் கல்யாண ஊர்வலம், கோவில் கொடை, தேர்தல் வெற்றி. தோளில் தொங்கும் டிரம்மும் பளபளக்கும் ட்ரம்பெட்டுமாக அவர்கள் வாசிக்கும் சினிமாப் பாட்டைத் தெருவோரம் நின்று கேட்டிருக்கிறோம். நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதில்லை. ஏறக்குறைய அதே வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துக் குழு நாற்பது நிமிட சிம்பொனி வாசிக்கும், அதுவும் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை வாசிக்கும் என்று, நான் மென்பொருள் வேலைக்காக ஜெர்மனிக்கு வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஷ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது எங்கள் சிற்றூர். இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் 'மூசிக்ஃபெராய்ன்' என்ற இசைச் சங்கம் உண்டு. ஏழு பேர் கூடி விதிமுறைகளை எழுதினால் நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடலாம். எங்கள் குழுவில் ஒரு தச்சர், ஒரு பல் மருத்துவர், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஐம்பது பேர். நடத்துனரைத் தவிர யாருக்கும் காசு கிடையாது. இப்படித் தொழிலாக இல்லாமல் பாடுவதையும் வாசிப்பதையும் ஜெர்மனி தன் மரபுச் செல்வங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது: பாடகர் குழுக்களை 2014-ல், வாத்தியக் குழுக்களை 2016-ல்.

நான் உள்ளே போனது பக்கத்து வீட்டுத் தாத்தாவால். ஐம்பது வருடமாக டியூபா ஊதுகிறவர். "நீ பேசும்போதே குரல் தரையில் கிடக்கிறது, எங்கள் பாடகர் குழுவில் பாஸ் பாட ஆள் இல்லை" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். மேற்கத்திய இசைக்குறிப்பு அன்று எனக்குப் பூச்சி ஊர்ந்த காகிதம்தான்.

சரி, ஊதுகருவிக் குழுவுக்கும் மாயாஜால நாவலுக்கும் என்ன சம்பந்தம்? காரணம் ஒரு பற்றாக்குறை. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதுகெலும்பு வயலின் குடும்பம். பேதோவனும் பிராம்ஸும் சிம்பொனி எழுதியது அதற்காகத்தான். ஊதுகருவிக் குழுவோ ராணுவ மைதானத்திலும் திருவிழாக் கூடாரத்திலும் வளர்ந்த பிள்ளை. மார்ச், போல்கா, மற்றபடி வயலின்களுக்காக எழுதியதைக் கிளாரினெட்டுக்கு மாற்றி வாசிப்பது என்று காலம் தள்ளியது. 1926-ல் டோனாவ்எஷிங்கன் விழாவில் ஹிண்டமித் முதலானோர் ராணுவ பேண்டுக்கென்றே புதிய படைப்புகளைத் தந்தார்கள். ஆனாலும் ஊர்ச் சங்கங்களின் அன்றாடச் சாப்பாடு மார்ச்சும் போல்காவும்தான்.

1988 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில், பெல்ஜிய ராணுவத்தின் கைட்ஸ் பேண்டு ஒரு புதிய சிம்பொனியை அரங்கேற்றியது. எழுதியவர் யோஹான் டெ மெய், டச்சுக்காரர், ட்ராம்போன் கலைஞர். அவருடைய முதல் சிம்பொனி அது. 1984-லிருந்து 1987 வரை எழுதியிருக்கிறார். டோல்கீனின் நாவலை (1954-55) ஐந்து பகுதிகளாக்கியிருந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சட்லர் பரிசு கிடைத்தது. படம் வந்தது 2001-ல் என்பதை நினைவில் வையுங்கள். சினிமா வெற்றியில் குளிர் காய்ந்த இசை அல்ல இது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள்தான் பிற்பாடு இதை வயலினுக்கு மாற்றிக்கொண்டார்கள்!

சிம்பொனி என்றதும் நம்மில் பலருக்கு 2005-ல் வந்த இளையராஜாவின் திருவாசகம் நினைவுக்கு வரும். அங்கே மணிவாசகரின் சொல் பாடப்படுகிறது. டெ மெய்யிடம் ஒரு சொல்லும் இல்லை. பாத்திரங்களை வாத்தியங்களிடம் கொடுத்துவிட்டார். கண்டால்ஃப் என்ற மந்திரவாதிக்குப் பித்தளைக் கருவிகளின் கம்பீரம், பிறகு அவருடைய குதிரையின் பாய்ச்சல். லோத்லோரியன் காட்டுக்கு மர ஊதுகருவிகள், பறவைச் சத்தம். நான்காம் பகுதியில் மோரியாச் சுரங்கத்தின் இருட்டு நடை. கனத்த பித்தளையும் பியானோவும் தாளக்கருவிகளும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கும்.

மூன்றாம் பகுதிதான் எனக்குப் பிடித்தது. கோல்லம் என்ற அந்த வழுக்கும், முனகும், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பிராணிக்கு சோப்ரானோ சாக்ஸபோன். வயலினை அழ வைக்கலாம். ஆனால் எச்சில் விழுங்க வைக்க முடியுமா? மூச்சும் நாக்கும் உதடும் நேரடியாகத் தொடுகிற கருவிக்குத்தான் அது வரும். பற்றாக்குறை பலமாக மாறுகிற இடம் இதுதான்.

நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் எங்கள் முறை. ஹோவர்ட் ஷோரின் திரைப்பட இசையில் பாடகர் குழு பாடுவது பெரும்பாலும் டோல்கீன் உருவாக்கிய மொழிகளில். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழிப் பேராசிரியர். எல்ஃப் இனத்தாரின் சிண்டாரினுக்கும் க்வென்யாவுக்கும் இலக்கணமே வைத்திருந்தார். சிண்டாரினில் ரகரம் நாக்கு நுனி அதிர வேண்டிய ஒலி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரகரம் தொண்டைக்குள் உருளும். நாவலின் பின்னிணைப்பில், தொண்டை ரகரம் கொடிய ஓர்க்குகளின் உச்சரிப்பு, எல்ஃபுகளுக்கு அது அருவருப்பு என்று எழுதிவைத்திருக்கிறார் டோல்கீன். இதை நான் ஒத்திகையில் சொன்னபோது பத்து நிமிடம் சிரிப்பு அடங்கவில்லை. அன்றிலிருந்து ரகரம் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. திருநெல்வேலிக்காரன் ஸ்வாபியர்களுக்கு எல்ஃப் மொழி வாத்தியார்!

இது எல்லோருக்கும் உவப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. பொதுக்குழுவில் மூத்தவர்கள் சிலர், இந்தப் பூதக் கதை இசைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார்கள். 2020-லும் அடுத்த ஆண்டிலும் ஊதுவதும் பாடுவதும்தான் ஆபத்தான காரியங்கள் என்று ஒத்திகை அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது இளம் பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவர்களைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டியிருந்தது. கோல்லம் பகுதியை வாசிக்கக் கேட்டதும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சாக்ஸபோனோடு வந்தாள். தன் தோழிகள் மூவரையும் இழுத்து வந்தாள். மூத்தவர்களின் கவலை தப்பில்லை, ஆனால் போல்காவுக்காக அவள் வந்திருக்க மாட்டாள்.

திரும்பி வந்தும் முடியாமல் போனவர் தாத்தாதான். நோய்க்குப் பிறகு மூச்சு குறைந்துவிட்டது. நீண்ட சுரத்தில் பாதியில் நின்றுவிடுவார். விலகிக்கொள்வதாகச் சொன்னார். நடத்துனர் விடவில்லை. இங்கே 'கூட்டு மூச்சு' என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரே சுரத்தைப் பிடிக்கும் பலரும் வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்குவார்கள்; ஒருவர் நிறுத்தும்போது மற்றவர் தாங்குவார், கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. நாதஸ்வரத்தில் ஒத்துக்காரர் ஒற்றை ஆளாய்க் கன்னத்தில் காற்றைத் தேக்கி சுருதியை அறுந்துவிடாமல் காப்பார் அல்லவா, அதையே இங்கே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மற்ற இரண்டு டியூபாக்காரர்கள் தாத்தாவின் தாளைப் பார்த்து, அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று தங்கள் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

பல்நோக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடையோரம் எங்கள் முறைக்குக் காத்து நின்றேன். ஹாபிட்டுகளின் நடனத்தோடு தொடங்கும் ஐந்தாம் பகுதி ஆரவாரமாக முடிவதில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தில் கப்பல் புறப்படுவதுபோல மெல்ல அடங்கும். அந்தக் கடைசி நீண்ட சுரத்தில் தாத்தா டியூபாவை உதட்டிலிருந்து எடுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். சத்தம் அறுபடவில்லை. மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டார்.